மூச்சுக்கு உள்வாடகை

கணவர் ஓட்டிப் போன வேன் விளக்குக் கம்பத்தில் மோதிவிட்டது என்று யாரோ வந்து சொன்னதும், அவள் வலது கால் செருப்பை இடது காலில் மாட்டிக்கொண்டு ஓடினாள். வழியெல்லாம் தன் தாலிக்காக அல்ல, அந்த மனிதரின் பிடிவாதத்துக்காக அழுதாள். எத்தனை முறை சொல்லியிருப்பாள்!

போய்ப் பார்த்தால் கணவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. வேனில் இருந்த நாற்பது பிளாஸ்டிக் நாற்காலிகள் தெருவெங்கும் சிதறிக் கிடந்தன. அவற்றில் பதினைந்து பேர் சாவகாசமாக உட்கார்ந்து, கால்மேல் கால் போட்டு, விபத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவரோ அவர்களுக்கு நடுவில் நின்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"சார், கொஞ்சம் எழுந்திருங்க சார். எண்ணணும்."

அழுவதா, அடிப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை. பட்டப்பகல் பதினோரு மணிக்கு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே தூங்கியிருக்கிறார்.

அந்தத் தெருவில் அவரை எல்லோரும் நாற்காலிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். விசேஷங்களுக்கு நாற்காலி, மேசை, அண்டா, விளக்கு, விரிப்பு எல்லாம் வாடகைக்குக் கொடுக்கும் கடை. இருபத்திரண்டு வருட வியாபாரம். கடையில் உள்ள ஒவ்வொரு பொருளிலும் சிவப்புப் பெயிண்டில் ஓர் எண் இருக்கும். கரண்டியில்கூட இருக்கும். பொருள் திரும்பி வரும்போது எண்ணைத் தடவிப் பார்த்துத்தான் உள்ளே எடுப்பார். எதுவும் சும்மா கிடக்கக் கூடாது அவருக்கு. மகள் திருமணமாகிப் போன மறுவாரமே அவளுடைய கட்டிலில் எண் விழுந்துவிட்டது.

அவருடைய குறட்டையைப் பற்றித் தெரு முழுக்கக் கேலி பேசும். ஆனால் குறட்டை அவளுக்குப் பயமில்லை. அது நிற்கும்போதுதான் பயம். சட்டென்று நிற்கும். அறை அப்படியே செத்துப்போகும். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவாள். இருபது, சில நாள் முப்பது. பிறகு யாரோ கிணற்றிலிருந்து தூக்கிவிட்டதுபோல ஒரு திணறலோடு மூச்சு திரும்பி வரும். ஆறு வருடமாக அவள் இப்படித்தான் படுத்துக் கிடக்கிறாள்.

கம்பத்தில் மோதிய பிறகுதான் அவர் தூக்க டாக்டரிடம் வரச் சம்மதித்தார். உடம்பெல்லாம் ஒயர் ஒட்டி ஒரு ராத்திரி படுக்கவைத்து, முடிவைக் காட்டினார் டாக்டரம்மா.

"ஒரு மணி நேரத்துல முப்பத்தெட்டு தடவை உங்களுக்கு மூச்சு நிக்குது. தூங்கும்போது மாஸ்க் போட்டுக்கணும். மிஷின் காத்தை அழுத்தி உள்ளே அனுப்பும், தொண்டை மூடாது. முதல்ல ஒரு மாசம் வாடகைக்கு எடுங்க. மிஷின் எல்லாத்தையும் பதிவு பண்ணும். அதைப் பார்த்து அழுத்தத்தைச் சரி பண்றேன். அப்புறம் சொந்தமா வாங்கிக்கலாம். அதுவரைக்கும் வேன் ஓட்டாதீங்க."

"எத்தனை நாளைக்கு டாக்டர் இது?"

"இத்தனை நாளைக்குன்னு இல்லைங்க. உங்க உடம்புக்கு இது தொடர்ந்து வேணும்."

நாற்காலிக்காரர் முகம் விழுந்துவிட்டது. வீடு வந்து சேர்ந்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போது சொன்னார்.

"வாடகையே போதும். மாசாமாசம் குடுத்துக்கலாம்."

"பத்து மாச வாடகை சேர்ந்தா மிஷின் விலை வந்துடுது. உங்களுக்கா கணக்குத் தெரியாது? வருஷக்கணக்கா வாடகைக்கு எடுக்கிறவன் முட்டாள், அவனாலதான் நம்ம வீட்டுல அடுப்பு எரியுதுன்னு நீங்கதானே சொல்வீங்க?"

"அது நாற்காலிக்குச் சொன்னது."

"நாற்காலிக்குச் சொன்ன புத்தி உயிருக்குப் பொருந்தாதா?"

அவர் கை கால் கழுவப் போய்விட்டார். சரி, ஒரு மாதம் போகட்டும் என்று விட்டாள்.

மிஷின் வந்தது. ஒரு தலையணை உயரம்கூட இல்லை. முதல் நாள் குழாய் தொங்கும் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு, "யானை மாதிரி இருக்கேனா?" என்று கேட்டார். "யானைக்கு இவ்வளவு அடம் கிடையாது, படுங்க" என்றாள். அன்று அவர் மூச்சு கடல் தூரத்தில் கேட்பதுபோல ஒரே சீராக ஓடியது. எண்ணுவதற்கு எதுவும் இல்லை. ஆறு வருடத்துக்குப் பிறகு அவள் தூங்கினாள்! காலையில் எழுந்து சமையலறையில் நின்று, காரணமே சொல்லத் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பத்தாம் நாளிலிருந்து அவர் மிஷினைப் பையில் போட்டுக் கடைக்கு எடுத்துப் போகத் தொடங்கினார்.

"எதுக்குங்க?"

"வீட்டுல தூசி. கடையில நானே துடைச்சு வைக்கிறேன்."

வாடகைப் பொருளைப் பார்த்துக்கொள்வதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்பதால் அவளும் நம்பினாள். அந்த நம்பிக்கைதான் வினையாக முடிந்தது.

மாதம் முடிந்ததும் இருவரும் மிஷின் கம்பெனிக்குப் போனார்கள். அங்கிருந்த பெண் மிஷினைக் கணினியில் இணைத்துப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். பிறகு மறுபடி கணினியைப் பார்த்தாள்.

"சார், நீங்க வேலைக்குப் போறதில்லையா?"

"கடை வெச்சிருக்கேன்மா. எட்டு மணிக்கே திறந்துடுவேன்."

"பத்தாம் நாள்லேருந்து தினமும் பதிமூணு மணி நேரம் தூங்கியிருக்கீங்களே! ராத்திரி ஏழு மணி நேரம். பகல்ல பத்தரையிலிருந்து நாலரை வரைக்கும் ஆறு மணி நேரம். அதுவும் பகல்ல மூச்சு வேற யாரோ விடற மாதிரி இருக்கு."

அவள் மெதுவாகக் கணவர் பக்கம் திரும்பினாள். நாற்காலிக்காரர் மேற்கூரையில் மின்விசிறி எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"யாருங்க அது?"

"எது?"

"பகல்ல மூச்சு விட்டது!"

"வாட்ச்மேன்தான்" என்றார், வேறு வழியில்லாமல்.

அந்தக் கடைத்தெருவுக்கு இரவுக் காவல் பார்ப்பவர் அவர். பகலில் நாற்காலிக்காரரின் கிடங்கில் விரிப்புக் கட்டுகளின் மேல் படுத்துத் தூங்குவார். அவர் குறட்டைக்கு அண்டாக்கள் அதிரும்.

"நம்ம சத்தம்தான் அவருக்கும். பாவமா இருந்துச்சு. மிஷின் பகல்ல சும்மாதானே கிடக்குது? மாஸ்க்குகூட அவருக்குத் தனியா வாங்கிக் குடுத்தேன். நானும் மனுஷன்தானே."

"சும்மாவா குடுத்தீங்க?"

நாற்காலிக்காரர் தொண்டையைச் செருமினார்.

"சொல்லுங்க. சும்மாவா குடுத்தீங்க?"

"நாள் வாடகை. ரொம்பக் கம்மிதான்."

"வாடகைக்கு எடுத்த பொருளை வாடகைக்கு விட்டீங்களா!"

"உள்வாடகை" என்றார், திருத்தம் சொல்வதுபோல.

கம்பெனிப் பெண்ணுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை; ஆனால் வேலை வேலைதான். ஒப்பந்தத்தை மீறியதால் மிஷினைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. ஒருவருக்கு அளந்த காற்று இன்னொருவருக்கு ஆகாது என்றும், மிஷின் தானாகவே அழுத்தத்தை மாற்றிக்கொண்டிருந்ததில் இரண்டு பேர் கணக்கும் கலந்துவிட்டது, இதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்றும் கண்டித்து அனுப்பினார்.

வீட்டில் மறுபடி குறட்டை. மறுபடி அந்த நிறுத்தம். அவள் மறுபடி எண்ணினாள். நான்காம் நாள் காலை, கடைக்குக் கிளம்பியவர் காபி டம்ளரைப் பிடித்தபடியே கண் சொருகினார். காபி சட்டையில் கொட்டியது. அவள் துடைக்கப் போகவில்லை. வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்கு முடியலங்க."

"என்ன இப்போ? சட்டைதானே, துவைச்சுக்கலாம்."

"சட்டையா? நீங்க நாற்காலி திரும்பி வந்தா எப்படி எண்ணுறீங்க? ஒண்ணு குறைஞ்சா தெருமுனை வரைக்கும் ஓடுறீங்கல்ல? அந்த மாதிரி நான் ஆறு வருஷமா உங்க மூச்சை எண்ணிட்டிருக்கேன். வெளிய போனது திரும்பி வந்துச்சா, திரும்பி வந்துச்சான்னு. ஒரு நாள் திரும்பலைன்னா நான் எந்தத் தெருமுனைக்கு ஓடுவேன்? யார்கிட்ட போய்க் கேட்பேன்?"

நாற்காலிக்காரர் ஈரச் சட்டையோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். சட்டை நுனியைப் பிழிந்துகொண்டே சொன்னார்.

"வாடகைன்னா என்னிக்காவது திருப்பிக் குடுத்துடலாம்னு ஒரு நினைப்பு இருக்கும். வியாதியையும் சேர்த்து. சொந்தமா வாங்கிட்டா, இது எனக்கே எனக்குன்னு ஆயிடும்ல?"

இத்தனை நாள் கஞ்சத்தனம் என்று திட்டிய அந்த மனிதர் பயந்துபோயிருக்கிறார் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அதற்காகக் கோபம் போய்விடவில்லை. மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னாள்:

"வியாதி எப்பவோ சொந்தமாயிடுச்சு. மருந்தை மட்டும் ஏன் விருந்தாளி மாதிரி வெச்சிருக்கீங்க?"

கம்பெனியில் மன்னிப்புக் கேட்டு, எழுதிக் கொடுத்து, இன்னொரு மாதத்துக்கு மிஷினை வாடகைக்கு எடுத்தார்கள். இந்த முறை அது வீட்டைத் தாண்டவில்லை. காலையில் அதை அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். மாத முடிவில் டாக்டரம்மா அழுத்தத்தைக் குறித்துக் கொடுத்தார். ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, நாற்காலிக்காரர் புது மிஷின் பெட்டியோடு வீட்டுக்கு வந்தார்.

கூடவே வாட்ச்மேனும் வந்து வாசலில் தயங்கி நின்றார்.

"அம்மா, தப்பா நினைக்காதீங்க. அந்தப் பதினெட்டு நாளும் நான் தூங்கின தூக்கம் இருக்கே, என் கல்யாணத்துக்கு அப்புறம் அப்படித் தூங்கினதில்ல. ஐயா புதுசா வாங்கியிருக்கார்னு..."

"அண்ணே, உங்களுக்கு உங்க காத்துதான் வேணும். வெள்ளிக்கிழமை டாக்டர்கிட்ட நானே கூட்டிட்டுப் போறேன். உங்க வீட்டம்மாவையும் வரச் சொல்லுங்க."

"அவ எதுக்கும்மா?"

"லீவு நாள் ராத்திரியில உங்க மூச்சை எண்ணிட்டிருப்பாங்க. நான் கொஞ்சம் பேசணும்."

அவரை அனுப்பிவிட்டு உள்ளே திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள். கட்டிலில் புது மிஷின். அதன் முன்னால் கணவர் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சிவப்புப் பெயிண்ட் டப்பா திறந்திருந்தது. தூரிகை கையில் இருந்தது. மிஷினின் அடிப்பக்கத்தில் எண் எழுத இடம் தேடிக்கொண்டிருந்தார்!

அவள் கத்தவில்லை. கத்துவதற்குக் கூட அவளிடம் மிச்சம் எதுவும் இல்லை. கதவில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

தூரிகை அந்தரத்தில் நின்றது. ஒரு சொட்டு போர்வையில் விழுந்தது. நாற்காலிக்காரர் மனைவியைப் பார்த்தார், மிஷினைப் பார்த்தார். பிறகு தூரிகையைத் துணியில் துடைத்துவிட்டு, டப்பாவின் மூடியை எடுத்து வைத்தார்.

"கைப்பழக்கம்" என்றார்.

"நல்லா அழுத்தி மூடுங்க" என்றாள் அவள், போர்வையை உருவிக்கொண்டே. "இன்னிக்காவது நான் நேரத்தோட படுக்கணும்."