பின்னாலை எறியடா!

உனக்கென்ன பிள்ளை, வேறை வேலை வெட்டி இல்லையே? கிழவியின்ர வாயைக் கிண்டிக்கொண்டு நிக்கிறாய். "அப்பம்மா, நீங்கள் வெள்ளைக்காரரோடை பந்து விளையாடினீங்களாமே?" உதை உனக்கு ஆர் சொன்னது? கொப்பனாத்தான் இருக்கும். அவன் அரைவாசியைத்தான் சொல்லியிருப்பான். மற்ற அரைவாசியிலை அவன் சாரத்தோடை நிண்டவன். சரி, வந்து இரு. நிண்டு கேட்டால் கால் உளையும்.

நீ பிறக்க முந்தி. தொண்ணூறுக்குப் பிறகு. ஸ்காபரோவிலை ஆறாம் மாடியிலை இருக்கிறம். கொப்பனுக்கு நைற் சிஃப்ற். சனிக்கிழமை விடிய வந்து படுத்தானெண்டால் வீட்டிலை ஒரு கரண்டி விழப்படாது. நான் இருமினாலும் குற்றம். கொம்மா வேலைக்குப் போயிடுவா. நான் என்ன செய்ய? சீலைக்கு மேலை ஜக்கெற், செருப்புக்குள்ளை சொக்ஸ், கையிலை மடக்குக் கதிரை. பில்டிங்குக்குப் பின்னாலை பள்ளிக்கூடக் கிறவுண்ட் ஒண்டு. அதிலை போய் வெய்யிலுக்கு இருப்பன்.

அங்கைதான் அவங்களைக் கண்டது. முழங்கால் தெரியிற கட்டைக் களிசானோடை முப்பது ஆம்பிளையள், பப்பாப்பழம் மாதிரி ஒரு பந்து. இடைக்கிடை எல்லாரும் குனிஞ்சு தலையைத் தலையோடை முட்டிக்கொண்டு நிப்பாங்கள். ஆரின்ரயோ தோட்டுச் சுரை விழுந்திட்டுதாக்கும், தேடுறாங்கள் எண்டுதான் நான் முதல் நினைச்சன்.

வெள்ளையெண்டால் எல்லாம் ஒண்டு எண்டுதான் எனக்கு எண்ணம். கொப்பன்தான் சொன்னவன், "இல்லையம்மா, உந்தச் சிவப்புச் சட்டைக்காரர் அமெரிக்காக்காரர். கொம்பனி அனுப்பி வந்தவை, இஞ்சை கலியாணம் முடிச்சு வந்தவை. ரக்பி விளையாட ஒரு கிளப் துவங்கியிருக்கினம்." மற்றப் பக்கம் கனடாக்காரர். ஒவ்வொரு கிழமையும் வேறை வேறை ஆக்கள் வருவாங்கள், எல்லாரும் சிவப்பை அடிச்சுப் போட்டுப் போவாங்கள். முதல் வருசம் முழுக்கத் தோல்விதான்.

ஒரு நாள் அடிச்சது காணாதெண்டு கரையிலை நிண்டவங்கள் "கோ ஹோம்! கோ ஹோம்!" எண்டு கத்தினாங்கள். எனக்குத் தெரிஞ்ச நாலைஞ்சு இங்கிலீசுச் சொல்லிலை அது ஒண்டு. பஸ்ஸுக்கை எனக்கும் சொல்லியிருக்கிறாங்கள். சரி, அப்ப நான் சிவப்பின்ர ஆள் எண்டு அண்டைக்கே முடிவெடுத்திட்டன்.

அடுத்த வருசம் வடிவாப் பாத்தன். முன்னாலை எறிஞ்சால் விசில். பின்னாலை எறிஞ்சால் விசில் இல்லை. முன்னுக்குப் போறதெண்டாலும் பந்தைப் பின்னுக்குத்தான் குடுக்கோணும். இதுக்குப் பள்ளிக்கூடம் போகோணுமே? அவங்களுக்கும் அது தெரியும், கைதான் கேக்கேல்லை. அவங்கட நாட்டிலை தலையிலை சட்டியைக் கவிட்டுக்கொண்டு முன்னாலை எறியிற விளையாட்டாம். சின்னனிலை பழகின கை. எனக்கு விளங்கிச்சு. நான் இஞ்சை வந்து எத்தினை மாசமா மேலை தட்டுற லைற் சுவிச்சை ஊரிலை மாதிரிக் கீழை அமத்திக்கொண்டு திரிஞ்சனான். ஆள் கனடாவிலை, விரல் கொடிகாமத்திலை.

அதுதான் கத்தினன். "பின்னாலை எறியடா! பின்னாலை!"

ஒருத்தன் திரும்பிப் பாத்தான். பூசணிக்காய் மாதிரித் தலை, அவன்தான் கப்டன். பாத்திட்டுப் பின்னாலை எறிஞ்சான். விசில் இல்லை! பிறகென்ன, கிழமைக்குக் கிழமை நான் கத்த, அவங்களும் ஒருத்தனுக்கொருத்தன் "பின்னாலே, பின்னாலே" எண்டு கத்தப் பழகிட்டாங்கள். கடைசியிலை அதுவே எனக்குப் பேராப் போச்சு. நான் கதிரையோடை வந்தால் "ஹாய் பின்னாலே!"

சிரியாதை. இந்த நாட்டுக்கு வந்து நான் சொன்ன சொல்லுக்கு ஒராள் திரும்பிப் பாத்தது அங்கைதான்.

அது எங்கட வீட்டுக்கு நேர் எதிரை இருந்த முன்கதவு மனுசிக்குப் பொறுக்கேல்லை. தன்ர பிள்ளையள் தமிழ் வகுப்புக்குப் போகினமெண்டு எலிவேற்றருக்குள்ளை வாறவன் போறவனுக்கெல்லாம் சொல்லுறவ. அவ கொப்பனைப் பிடிச்சு, "உங்கட அம்மா கட்டைக் களிசான்காரரைப் பாத்துக் கூக்காட்டுறா, எங்களுக்கெல்லோ வெக்கம்" எண்டிட்டா.

கொப்பன் என்னட்டை, "அம்மா, இனிக் கிறவுண்ட் பக்கம் போகாதேங்கோ. சனம் கதைக்குது."

"சனத்துக்கு வாய் இருக்கு, கதைக்கும். எனக்குக் கால் இருக்கு, போவன்."

அவன் கதிரையைக் கொண்டுபோய்த் தன்ர கட்டிலுக்குக் கீழை வைச்சிட்டுப் படுத்திட்டான். எடுக்கப்போனால் முழிப்பான். பாவம், விடிய விடிய நிண்டு வந்தவன்.

பல்கனியிலை நிண்டு பாத்தன். அண்டைக்குத்தான் அந்த வருசத்துக்குக் கடைசி விளையாட்டு. பூசணி முன்னாலை எறியிறான். விசில். மற்றவனும் முன்னாலை. விசில். "கோ ஹோம்" துவங்கிட்டுது. ஆறாம் மாடியிலை இருந்து என்ன குழறினாலும் கேக்கேல்லை. கையைப் பின்னாலை பின்னாலை வீசிக் காட்டினன். பூசணி அண்ணாந்து பாத்தான். பாதி விளையாட்டு முடிஞ்சு மற்றவங்கள் தண்ணி குடிக்கேக்கை அவன் பில்டிங் பக்கம் ஓடி வாறான்!

வந்தவன் கதவை மாறித் தட்டிட்டான். முன்கதவு மனுசி திறந்தால், தலை முதல் கால் மட்டும் சேறு, மூக்கிலை ரத்தம், மலை மாதிரி ஒருத்தன் நிண்டு "பின்னாலே? பின்னாலே?" எண்டு கேக்கிறான். மனுசி பயந்து தனக்குப் பின்னாலை திரும்பிப் பாத்தா! அவன் திரும்பவும் "பின்னாலே?" அவ திரும்பவும் பாத்தா. நான் எங்கட கதவைத் திறந்து வைச்சு அந்தக் கூத்தை ரசிச்சுப்போட்டுத்தான் "இஞ்சை, இஞ்சை" எண்டு கூப்பிட்டன்.

அந்தச் சத்தத்துக்குக் கொப்பன் அவிழுற சாரத்தை இடுப்பிலை பிடிச்சுக்கொண்டு எழும்பி வந்தான். இங்கிலீசிலை ஏதோ கேட்டான், அவன் ஏதோ சொன்னான்.

"என்னவாமடா?"

"நீங்கள் கத்தாட்டி அவையின்ர கை தன்ரபாட்டிலை முன்னாலை போகுதாம்."

"கேட்டியே? கதிரையை எடு."

"அம்மா, சனம் எல்லாம் பாக்குது."

"பாக்கட்டும். பாக்கத்தானே கதவைத் திறந்தவை."

கொப்பன் சாரத்தை இறுக்கிக் கட்டினான். பிறகு உள்ளுக்குப் போய்க் கதிரையை இழுத்து எடுத்துப் பூசணியிட்டைக் குடுத்திட்டு, "சொக்ஸைப் போட்டுக்கொண்டு போங்கோ, குளிரும்" எண்டான்.

போனன். தொண்டை கிழியக் கத்தினன். பந்து ஒரு கையிலை இருந்து பின்னாலை, அதிலை இருந்து பின்னாலை, கடைசியா நிண்ட ஒல்லியன் பிடிச்சு ஓடு ஓடெண்டு ஓடிக் கோட்டுக்கு அங்காலை நிலத்திலை வைச்சான். அதுக்குப் பேர் "ட்ரை"யாம். செய்து முடிச்சாப் பிறகும் ட்ரைதான். இந்த ஊரிலை ட்ரை பண்ணினதுக்குப் பொயின்ற்ஸ் குடுக்கிறது அங்கை மட்டும்தான் பிள்ளை.

வெண்டவங்களோ? எங்கை, அதுவும் தோல்விதான். ஆனால் "கோ ஹோம்" நிண்டிட்டுது. நான் எழும்பி நிண்டு "யூ கோ!" எண்டனெல்லே.

திரும்பி வரேக்கை எலிவேற்றருக்குள்ளை முன்கதவு மனுசியும் இன்னும் ரண்டு பேரும். மனுசி கேட்டா, "அன்ரி, உந்த வெள்ளையளோடை உங்களுக்கு அப்பிடி என்ன அலுவல்?"

"தமிழ் படிப்பிக்கிறன்" எண்டன். "ஒரு சொல்லுத்தான் இதுவரைக்கும் ஏறியிருக்கு. ஆனால் சொன்ன உடனை கேக்கிறாங்கள். உம்மட பிள்ளையள் எப்பிடி?"