கூறைச்சேலைக்கு வந்த வேட்டி

எழுபதுகளின் கடைசியில், எங்கள் ஊர் மாரியம்மன் பண்டிகையில் ஒரு பட்டிமன்றம். சிறை தண்டிப்பதற்கா, திருத்துவதற்கா? திருத்தத்தான் என்று நான் முழங்கினேன். எதிரணியில் என் மனைவியின் அண்ணன்.

"பேசறது இருக்கட்டுங்க மாப்பிள்ள. ஜெயில்ல இருந்து வந்தவன உங்க ஊட்டுல சேத்துக்குவீங்களா?"

"சேத்துக்குவேன்" என்றேன். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. போட்ட மாலையை இரண்டு நாள் ஆணியில் மாட்டி அழகு பார்த்தேன், அற்பன்.

மறுவாரமே ஒருவர் என் தறிக்கூடத்துக்கு வந்தார். எருமப்பட்டிப் பக்கத்து விவசாயி. வரப்புத் தகராறில் பங்காளியை வெட்டிவிட்டு எட்டு வருடம் உள்ளே இருந்தவர். நெசவு அங்கே பழகியது. "நீங்க பேசினதக் கேட்டனுங்க, அதான் வந்தேன்" என்றார். மறுக்க வாய் ஏது? சேர்த்துக்கொண்டேன். ஒரே வருடத்தில் பட்டு அவர் கைக்குப் படிந்துவிட்டது. பழைய நெசவாளிகளே வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

நாமகிரிப்பேட்டைப் பண்ணையக்காரர் ஒருவர் மகள் கல்யாணத்துக்குக் கூறைச்சேலை நெய்யச் சொன்னார். கூறைச்சேலையைத் தறியிலிருந்து அறுக்கும் நாளில் பெண் வீட்டார் நேரில் வருவார்கள். நெய்தவருக்கு வெற்றிலை பாக்கோடு வேட்டி வைத்துக் கொடுத்து, அவர் கையால் சேலையை வாங்கிப் போவார்கள். அது எங்களிடம் வழக்கம். அந்தச் சேலையை நெய்ய நான் எருமப்பட்டிக்காரரிடம்தான் கொடுத்தேன். இருபது நாள் நெய்தார்.

"உள்ள போயிட்டு வந்ததுல இருந்து ஒரு நல்ல காரியத்துக்கும் என்னய யாரும் கூப்பிட்டதில்லீங்க" என்றார் ஒருநாள். அறுப்பன்று தலைக்குக் குளித்து, திருநீறு பூசி, சலவைச் சட்டையோடு வந்து தறியருகே நின்றார்.

பெண்ணின் அம்மா கேட்டார்: "நெய்தது யாருங்க?"

வெட்டுக்கேஸ்காரன் கை பட்ட கூறைச்சேலை என்று நாளைக்குத் தெரிந்தால்? சேலையை வேண்டாமென்று போட்டுவிட்டுப் போய்விட்டால்? எனக்குப் பயம் வந்துவிட்டது.

"நான்தானுங்க" என்றேன். கையை நீட்டி வேட்டியையும் வாங்கிக்கொண்டேன். நெய்தவர் மூன்றடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தார். மச்சானாவது மேடையில் சொன்னதைத்தான் வெளியிலும் சொல்லுவார். என் பேச்சு மாலையோடு வாடிப்போயிருந்தது. இதை எழுதும் இப்போதும் கூசுகிறது.

அவர்கள் கார் ஏறிப் போனதும் வேட்டியை அவரிடம் நீட்டினேன். வாங்கவில்லை. முகத்தில் கோபமும் இல்லை.

"ஜெயில்ல நான் நெய்யற துண்டுலகூட எம்பட நம்பரச் சீட்டுல எழுதிக் கட்டி வெப்பாங்க" என்றார்.