பிரசங்கி நரியும் மீன்பிடிக்காத நானும்

இரண்டாயிரத்துப் பத்தில் பாரிஸின் லா சப்பல் முழுக்க அந்த மனிதரை மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். எங்கே, எதைப் படிப்பித்தார் என்று ஒருவருக்கும் தெரியாது. ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் ஒரு ரெலிபோன் கடையின் பின்பக்கத்தில் கோட்டும் ரையுமாக இருந்து, வன்னியிலிருந்து தப்பி வந்த எங்களுக்கு அகதிக் கேஸ் எழுதினார். எழுதினார் என்பதே அவருக்கு மரியாதை. ஒரே கதையில் பெயரை மட்டும் மாற்றினார்.

நான் தச்சன். ஷெல் விழுந்து பட்டறையும் தம்பியும் போனதைச் சொன்னேன். மாஸ்டர் கொட்டாவி விட்டார்.

"உது எல்லாரும் சொல்லுறதுதானே தம்பி. இப்ப மீன்பிடிக் கேஸ்தான் ஓடுது."

நானும் வாயைப் பொத்திக்கொண்டு மீனவனானேன். எல்லாருக்கும் போடுவதுபோல எனக்கும் கடைசி வரியில் 'மிசேரிகோர்த்' போட்டார். இரக்கம் என்று அர்த்தமாம். விசாரணையில் என்ன வலை, என்ன மீன் என்று கேட்டார்கள். முழிசினேன். கேஸ் ரிஜே, தள்ளுபடி. மிச்சம் மேல்முறையீடு ஒன்றுதான். அதுவும் போனால் திருப்பி அனுப்புவார்கள். அதற்கும் அந்த மனிதர் அதே மீனவனையே எழுதித் தந்தார்.

அப்போது பாரிஸுக்கு வெளியே செவ்ரானில் இருந்தேன். மத்தியானச் சாப்பாடு தருகிற ஒரு பழைய தேவாலயத்துக்குப் போவேன். நான் தச்சன் என்று அறிந்த அங்குள்ள பெண்மணி, பீடத்தருகே குருமாருக்கான மடக்கு இருக்கைகள் ஆடுகின்றன, இறுக்கித் தருவாயா என்று கேட்டார். ஒன்றை நிமிர்த்தினேன். அடியில், ஐந்நூறு வருஷத்து ஓக் மரச் செதுக்கலில், குருவானவரின் அங்கி போட்ட நரி பிரசங்கம் வைக்கிறது. வாத்துகள் கழுத்தை நீட்டிக் கேட்கின்றன. நரியின் முதுகுப்பைக்குள் ஏற்கெனவே ஒரு வாத்தின் தலை. அடுத்த இருக்கையில் ஒரு பன்றி குழல் ஊதியது.

சிரித்து வயிறு நொந்தது. நெடுநேரம் நின்று செபிக்கிற குருமார் களவாகக் குண்டியைச் சாய்க்கத்தான் நிமிர்த்திய இருக்கையின் அடியில் துருத்தும் அந்தச் சிறு பலகை என்று பெண்மணி விளக்கினார். அதன் பெயரும் மிசேரிகோர்த்தாம். அட நாசமறுப்பானே, இதைக் கேட்டா என்னைக் கெஞ்ச வைத்தாய்!

திரும்ப நரியைப் பார்த்தேன். கோட்டும் ரையும்தான் குறை. ஆனால் நரியைவிட அந்த முன்வரிசை வாத்தில்தான் எனக்கு அருவருப்பு வந்தது. கழுத்தை நீட்டிய விசரன் நான்தானே.

மேல்முறையீட்டில், மாஸ்டர் எழுதின கேஸ் பொய், நான் தச்சன் என்றேன். என் வக்கீல் தலையில் கை வைத்தார். தச்சன் என்பதற்கு என்ன சாட்சி என்று நீதிபதி கேட்டார். குனிந்து அவருடைய மேசையின் அடியைப் பார்த்து, எது மரம், எது ஒட்டுப்பலகை, எந்தப் பொருத்து விடப்போகிறது என்று சொன்னேன். பிறகு தம்பியைப் பற்றிச் சொன்னேன். சில மாதத்தில் விசா வந்தது.

அடுத்த கிழமை ரெலிபோன் கடையைக் கடந்தபோது, வரிசையில் நின்ற புது ஆட்களுக்கு மாஸ்டர் என்னைக் கைகாட்டினார்.

"பாத்தியளே? என்ர மீன்பிடிக் கேஸ்."

"நான் ஒருநாளும் கடலுக்குப் போகேல்லை," என்றேன். எல்லாருக்கும் கேட்கத்தான் சொன்னேன். ஒருவரும் வரிசையை விட்டு விலகவில்லை. வரிசையின் கடைசியில் நின்றவர் மட்டும் என் கையைப் பிடித்து மெதுவாகக் கேட்டார்:

"அண்ணை, என்ன வலையெண்டு சொன்னனீங்கள்?"