தாழ்ப்பாள் போட்ட குளிமுறி

சுனாமிக்குப் பிறகு எங்கள் கரையில் பைபர் படகுகள் பெருகியபோது, ஓட்டை விழுந்ததெல்லாம் என்னிடம்தான் வந்தது. பள்ளிக்கூடத்தை நான் அதிகம் கண்டதில்லை. ஆனால் ஓட்டை அடைக்கக் கலக்கிய ரெசின் பசை எப்போது இறுகும் என்று வாடையை வைத்தே சொல்லிவிடுவேன். இராஜாக்கமங்கலம் பக்கம் கேட்டுப் பாருங்கள். அந்தச் சம்பாத்தியத்தில்தான் மாடி வீடு கட்டினேன். மனைவி அதில் கொஞ்ச காலமே இருந்து போய்ச் சேர்ந்தாள். மகன் மஸ்கட்டில்.

மாடிக் குளியலறையின் தரை கசிந்தது. கொத்தனாரைக் கூப்பிடச் சொன்னான் மகன். படகுக்குள் கடலையே வரவிடாதவனுக்கு ஒரு வாளித் தண்ணீரா பெரிது? நானே கண்ணாடி நார் விரித்து ரெசின் பூச உட்கார்ந்தேன். மேற்கிலிருந்து கச்சான் காற்று மணலை வாரி அடிக்கும் காலம். ஈரப் பூச்சில் மணல் ஒட்டினால் வேலை கெட்டுப்போகும் என்று கரையில் தார்ப்பாய் மறைப்பு கட்டுவோம். அந்த நினைப்பில் ஜன்னலை அடைத்தேன், கதவைச் சாத்தினேன். சாத்திய கை பழக்கத்தில் தாழ்ப்பாளையும் போட்டது. ஈ காக்கை இல்லாத வீட்டில் யாருக்குத் தாழ்ப்பாள்?

பாதி பூசும்போது கண் எரிந்தது. பிறகு வாடையே தெரியவில்லை. அதை நல்லதென்று நினைத்தேன். எழுந்தால் சுவர் சாய்கிறது. விரலெல்லாம் ரெசின், தாழ்ப்பாள் பிடிபடவில்லை. இங்கே விழுந்தால் வெள்ளிக்கிழமை மகன் போன் பண்ணும்வரை யாருக்கும் தெரியாது. அது மட்டும் தெளிவாக இருந்தது. முழங்கையால் இடித்துத் திறந்து, மாடிப்படியில் வந்து கிடந்தேன்.

கரையில் அந்த வாடையை இத்தனை காலம் கொண்டுபோனது காற்று. சம்பளம் கேட்காமல் என்னிடம் வேலை பார்த்த ஆள் அது ஒன்றுதான்.

மறுநாள் ஜன்னல் கண்ணாடிகளைக் கழற்றினேன். மேசை விசிறியைக் கதவுக்கு வெளியே வைத்து, நல்ல காற்று உள்ளே போய் வாடை ஜன்னல் வழியே வெளியேறும்படி திருப்பினேன். மணல் ஒட்டினால் உரசிக்கொள்ளலாம். யாரும் சொல்லித் தரவில்லை, நானே யோசித்தது.

பிறகு பக்கத்து வீட்டு மீன்காரியிடம், வேலை முடியும்வரை அவ்வப்போது ஒரு சத்தம் கொடுக்கச் சொன்னேன். ஆளிடம் உதவி கேட்டு எனக்குப் பழக்கமில்லை.

“குளிமுறிக்குள்ள பேயா இருக்கு, பாட்டா?” என்று சிரித்தாள். ஆனாலும் மீன் கழுவுகிற இடத்திலிருந்தே கூப்பிட்டாள்.

“பாட்டா, கெடக்கியளா, போயிட்டியளா?”

“கெடக்கேன் மக்கா.”

பூச்சு மத்தியானமே இறுகிவிட்டது. சாயங்காலம்வரை அவளிடம் அதைச் சொல்லவில்லை.