மாமி ஆமீன் சொன்ன வார்த்தை

குவைத்திலிருந்து வந்து மூன்று வருடமாகிறது. இன்னும் களைப்புத் தீரவில்லை. ஒன்பது வருடம் இன்னொருத்தியின் குசினியில் அடுப்படியே கதியென்று நின்ற கால்கள் இவை. இப்போது சொந்தக் குசினியில் அரை மணித்தியாலம் நின்றாலே உட்காரக் கதிரை தேடுகின்றன.

அங்கே என்னோடு வேலை செய்தவள் பிலிப்பைன்ஸில் செபு என்ற தீவுக்காரி. புருஷன் மீன்பிடிக்கிறவன். கோழி கழுவிக்கொண்டே போனைத் தோளில் இடுக்கி அவனோடு கதைப்பாள். முடிக்கும்போது "கிஹிகுக்மா தீகா" என்பாள். அவர்களுடைய செபுவானோ மொழியில் 'உன்னை நேசிக்கிறேன்' என்று அர்த்தமாம். உப்புக் கேட்பதுபோல அதைச் சொல்லிவிட்டு அடுத்த கோழியை எடுப்பாள். எனக்கு முதலில் கூச்சமாக இருந்தது, பிறகு பொறாமையாக இருந்தது. எங்கள் பக்கத்தில் புருஷனிடம் அப்படியெல்லாம் சொல்வதில்லை, சாப்பிட்டீர்களா என்று கேட்பதோடு சரி என்று எங்கள் இருவருக்கும் தெரிந்த அரைகுறை அரபியில் சொன்னேன். தாங்களும் அதைக் கேட்பதுண்டு, ஆனால் இதையும் சொல்வோம் என்றாள்.

எங்கள் வீட்டில் போனில் ரகசியம் கிடையாது. யுத்தத்தில் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டு வந்து அகதி முகாமில் வளர்ந்த குடும்பம். கல்வீடு கட்டிய பிறகும் அறைகளுக்கு நடுவில் பலகைதான். நான் கோல் எடுத்தால் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு மாமி, மதினி, பிள்ளைகள் எல்லாரும் சுற்றி உட்காருவார்கள். அத்தனை பேருக்கு நடுவில் புருஷனிடம் என்னத்தைக் கதைப்பது? மழை பெய்ததா என்று கேட்பேன். ஓம் என்பார்.

ஒருமுறை லீவில் வந்தபோது பாலாவிச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றோம், நானும் புருஷனும் மட்டும். துணிவை வரவழைத்துக்கொண்டு அந்த வார்த்தையையும் அதன் அர்த்தத்தையும் அவருக்குச் சொன்னேன். அவர் உப்பு மூட்டை ஏற்றிய லொறியொன்றைப் பார்த்தபடியே நின்றார். எனக்கு அவமானமாகப் போயிற்று.

திரும்பிப் போய் முதல் வெள்ளிக்கிழமை கோல் எடுத்தேன். எல்லாரும் கதைத்து முடிந்ததும் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு "கிஹிகுக்மா தீகா" என்றார். நானும் திருப்பிச் சொன்னேன். பிறகு மாமி "ஆமீன்" என்றார். பிள்ளைகளும் "ஆமீன்" என்றார்கள். அரபு நாட்டிலிருக்கும் மருமகள் புதிதாக ஒரு பிரார்த்தனை, ஒரு துஆ, பாடமாக்கித் தன் புருஷனுக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறாள் என்று மாமி எடுத்துக்கொண்டார். அர்த்தம் தெரிந்தா எல்லா துஆவுக்கும் நாங்கள் ஆமீன் சொல்கிறோம்? சிரிப்பை அடக்கிக்கொண்டு போனை வைத்தேன். பாவமாகிவிடுமோ என்று பயமும் வந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. ஆறு வருடம் வெள்ளிக்கு வெள்ளி சொன்னோம், வெள்ளிக்கு வெள்ளி ஆமீனும் விழுந்தது.

வீட்டுக்கு வந்ததோடு அது நின்றுபோனது. பக்கத்திலேயே இருப்பவளுக்குச் சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ. உப்பளத்தில் காய்ந்து வருவார், சாப்பிடுவார், சரிந்துவிடுவார். நான் முதலில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அவர் என் முகத்தைப் பார்த்து ஒருதரம் சொல்லிக் கேட்கவேண்டும் என்று பிடிவாதம். கேட்காமலே இந்த வாழ்க்கை முடிந்துவிடுமோ என்று பயம். காத்திருப்பதும் ஒரு வேலையாகி, அதிலும் களைத்துப்போனேன்.

போன வெள்ளி அசர் தொழுகைக்குப் பிறகு அவர் கதிரையில் உட்கார்ந்து, உப்பு அரித்த பாதங்களுக்குத் தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். நான் தேத்தண்ணி கொண்டுபோய் வைத்தேன். தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்த மாமி தலையை நிமிர்த்தினார்.

"ஏன் புள்ள, அந்த துஆவ இப்ப ஓதுற இல்லயா? போன்ல வெள்ளிக்கு வெள்ளி ஓதினீங்களே ரெண்டு பேரும். அத உட்ட பொறகுதான் இந்த வீடு இப்பிடிச் சத்தமில்லாமப் போச்சி."

நான் தேத்தண்ணிக் கோப்பையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் எண்ணெய்ப் போத்தலைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. நிமிர்ந்தேன். இந்தமுறை பார்ப்பதற்கு லொறி எதுவும் இல்லை. என்னைப் பார்த்து, களைத்த குரலில், ஒரு எழுத்தும் பிசகாமல் சொன்னார்.

திருப்பிச் சொல்ல வேண்டியவள் நான். ஆனால் மாமியோடு சேர்ந்து ஆமீன் என்று மட்டும் சொன்னேன்.