மாற்றுச் சட்டை

வீட்டில் அடைசலைக் குறைத்தால் மனசும் லேசாகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவருக்கென்ன. தென்காசி வீட்டில் அம்மாவின் பீரோவைத் திறந்தேன். நல்ல வெயில் காலம்; உள்ளே ஈரத்துணி வாடை.

நான் சிறுவனாக இருந்தபோது, குற்றாலத்துக்குக் குளிக்கப் போன அண்ணன் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அதன் பிறகு சாரல் விழும் நாளெல்லாம் அம்மா அவனுடைய நீலச் சட்டையைத் தேய்த்து, வாசல் பக்கத்துக் கொடியில் போட்டு வைப்பாள்.

"எதுக்கும்மா?" என்று கேட்டால், "நனைஞ்சு வருவாம்லா, மாத்திக்கிட வேண்டாமாலே?" என்பாள்.

அம்மா இறந்த பிறகு நான்தான் அதை மடித்து உள்ளே வைத்துப் பூட்டினேன்.

இன்று நீலச் சட்டையைக் காணவில்லை. அந்த இடத்தில், அண்ணன் அன்று போட்டுக்கொண்டு போன மஞ்சள் சட்டை, தண்ணீர் சொட்டக் கிடந்தது.