வார்டனம்மா வீட்டுப் பெட்டி

"அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க, பாஸ்வேர்டு போடணும்" என்கிறார் வார்டனம்மா. வந்தவர் மரியாதையாகச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறார். வார்டனம்மா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, மவுஸைப் பிடித்துத் திரையில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அழுத்துகிறார். தேடுகிற எழுத்தை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேதான் தேடுகிறார். அந்தக் குடியிருப்பில் பாஸ்வேர்டு தெரியாதவர் ஒருவரும் கிடையாது. தெரியும் என்று காட்டிக்கொண்டவரும் இதுவரை கிடையாது.

வாசல், லிஃப்ட், மாடிப்படி, வண்டி நிறுத்துமிடம், மொட்டைமாடி என்று எல்லா இடத்திலும் கேமரா உண்டு. அவை பார்ப்பதெல்லாம் ஒயர் வழியாக வந்து சேருகிற இடம், தரைத்தளத்தில் இருக்கும் வார்டனம்மாவின் முன்னறை. கேமராக்காரர் டிவிஆர் என்றும் மற்றவர்கள் பெட்டி என்றும் சொல்கிற அந்தக் கறுப்புச் சாமானைக் குடியிருப்புச் சங்கத்துக்காரர்கள் தற்காலிகமாகத்தான் அங்கே வைத்தார்கள். தற்காலிகமாக வைத்த எதுவும் இடம் மாறியதாக அந்தக் கட்டடத்துக்குச் சரித்திரம் இல்லை. இப்போது பெட்டியின் கீழே பூவேலை செய்த விரிப்பு கிடக்கிறது. வெயில் காலத்தில் மேசை விசிறி வார்டனம்மாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பெட்டிக்குக் காற்று வீசுகிறது. கேட்டால், "எனக்கு வேர்த்தா துடைச்சுக்குவேன். அது என்ன பண்ணும், பாவம்?" என்பார்.

தலை நரைக்கும்வரை ஒரு பெண்கள் விடுதியில் வார்டனாக இருந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "எனக்கு எங்க நேரம் இருந்துச்சு? எவ எப்ப சுவரேறிக் குதிப்பாளோன்னு வாசல்லயே உக்காந்திருந்தேன்" என்று சிரிப்பார். ஓய்வு பெற்று வந்தவருக்கு உட்கார ஒரு வாசல் வேண்டியிருந்தது. திரையில் கட்டம் கட்டமாகப் பல வாசல் கிடைத்துவிட்டது. முகம் தெரியாத மங்கலிலும் நடையை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார். திரையோடு பேசவும் செய்வார். "ஏம்பா, கேட்டைச் சாத்திட்டுப் போனா குறைஞ்சா போயிடுவே?" என்று கத்துவார். கேட்டைத் திறந்துபோட்டுப் போகிறவர் காதில் அது விழாது. ஆனால் மறுநாள் அவரைப் படிக்கட்டில் மடக்கி அதே வார்த்தையை அதே சூட்டோடு கேட்பார் என்பதால், திரையிடம் கேட்பதை ஒத்திகை என்று வைத்துக்கொள்ளலாம்.

பெட்டியைப் பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு முறை இருக்கிறது. செருப்பைக் கழற்ற வேண்டும், உட்கார வேண்டும், எலுமிச்சைச் சாறு குடிக்க வேண்டும், பிள்ளையின் படிப்பு, மாமியாரின் முழங்கால், இரண்டையும் பற்றிக் கேட்டால் விவரமாகப் பதில் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் பாஸ்வேர்டு. பார்சல் காணாமல் போனது மத்தியானம் என்றால், வார்டனம்மா காலையிலிருந்து ஓட்டிக் காட்டுவார். "நேரா அங்க போயிடலாமே" என்று யாராவது அவசரப்பட்டால், "நடந்ததை மட்டும் பாத்தா என்ன புரியும்? அதுக்கு முன்னாடி ஆள் எப்படி இருந்தான்னு பாக்க வேணாமா?" என்பார். பார்சலைத் தேடி வந்து, பார்சல் கிடைக்காமல், பையனுக்குக் கணக்கு சொல்லித்தர ஆள் கிடைத்துப் போனவர்களும் உண்டு.

பெட்டியில் இருப்பதெல்லாம் வெளியே வந்துவிடாது. குடையைக் காணோம் என்று ஒருவர் வந்து உட்கார்ந்திருப்பார். திரையின் ஓரத்தில் ஒரு நடை தென்படும். இரண்டாம் மாடிப் பெரியவர், மறதிக்காரர். அவ்வளவுதான், வார்டனம்மாவின் மவுஸ் துள்ளிக் குதித்து வேறு கட்டத்துக்குப் போய்விடும். "சரியா விழலையே, தூண் மறைக்குது" என்று உதட்டைப் பிதுக்குவார். சாயங்காலம் குடை அதன் மூலையில் சாய்ந்திருக்கும். "கேட்டுக்கு உள்ள வந்துட்டாங்களா, அது போதும். அதுக்கு மேல நோண்டினா ஒருத்தரும் மிஞ்ச மாட்டாங்க" என்பது விடுதிக் காலத்துச் சித்தாந்தம்.

இந்த ராஜாங்கத்துக்குக் கேடு பெட்டிக்குள்ளிருந்தே வந்தது. பெட்டி இருமத் தொடங்கியது. கடகடவென்று ஒரு சத்தம், பிறகு மூச்சு வாங்குகிற மாதிரி ஓர் இரைச்சல். கேமராக்காரர் வந்து காதை வைத்துக் கேட்டார். படமெல்லாம் சேருகிற ஹார்டு டிஸ்க்குக்கு வயதாகிவிட்டது என்றார். "ஓடுற வரைக்கும் ஓடட்டும்மா. தயவுசெஞ்சு அணைச்சிடாதீங்க. அணைச்சா மறுபடி எழுந்திருக்கும்னு நான் உத்தரவாதம் தர முடியாது."

சங்கச் செயலாளருக்கு இது அல்வா சாப்பிட்ட மாதிரி ஆகிவிட்டது. கணிப்பொறி வேலை பார்க்கிற இளைஞர். குடியிருப்பை நவீனமாக்காமல் ஓய்வதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டவர். புது டிஸ்க் வாங்கிப் போடுவது தண்டம், கிளவுடுக்குப் போய்விடலாம் என்று கூட்டத்தில் சொன்னார். கேமரா எடுக்கிற படம் நெட் வழியாக ஏதோ ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேரும், அவரவர் போனில் அவரவர் பார்த்துக்கொள்ளலாம், யாரும் யார் வீட்டுக் கதவையும் தட்ட வேண்டியதில்லை என்று விளக்கினார். கடைசியில் சொன்னதை அவர் பெரிய வசதி என்று நினைத்துத்தான் சொன்னார்.

"திருடன் வந்தா முதல்ல பெட்டியத்தான் தூக்கிட்டுப் போவான் மேடம். கிளவுட்ல இருந்தா அவனால ஒண்ணும் பண்ண முடியாது."

"என் வீட்டுக்குள்ள பூந்தா தூக்குவான்? நான் என்ன, அவனுக்கு எலுமிச்சம்பழம் பிழிஞ்சிட்டிருப்பேனா?"

பிழிந்தாலும் பிழிவார் என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுக்க, சிரிப்பு கிளம்பியது. வார்டனம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "அந்தப் படத்தையெல்லாம் அங்க யார் பாப்பாங்க?"

"யாரும் பாக்க மாட்டாங்க மேடம். எல்லாம் மெஷின்தான்."

"யாரும் பாக்காததுக்குக் கேமரா எதுக்குத் தம்பி?"

செயலாளர் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார். கைகொடுக்க வந்தார் சங்கத் தலைவர். ஒரு கம்பெனியில் மேலாளர். சிரித்தால் பதவி போய்விடும் என்று நம்புகிறவர். "வெளிப்படைத்தன்மை வேணும். யார் வேணும்னாலும் எப்ப வேணும்னாலும் பாக்கணும். நமக்கெல்லாம் மறைக்கிறதுக்கு என்ன இருக்கு?" என்றார். ஒரு மாதம் கிளவுடை ஓட்டிப் பார்ப்பது, பெட்டியும் அதுபாட்டுக்கு ஓடட்டும், அடுத்த கூட்டத்தில் இரண்டில் ஒன்றைத் தீர்மானிப்பது என்று முடிவானது.

வார்டனம்மா கூட்டத்திலிருந்து ஜம்பமாகத்தான் எழுந்து வந்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் பெட்டியின் முன்னால் போய் உட்கார்ந்தார். பெட்டி போனால் தன் கதவைத் தட்ட இந்தக் கட்டடத்தில் யாருக்கும் ஒரு காரணம் இருக்காது. ஊர்ப்பட்ட பெண்களை அதட்டிக்கொண்டு வாழ்ந்துவிட்டு, இனிமேல் தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். அவருக்குப் பயமாக இருந்தது. பெட்டிமேல் அவருக்கு அப்படியொன்றும் உயிர் இல்லை. பெட்டிக்காக வருகிறவர்கள்மேல்தான்.

கிளவுட் வந்தது. ஒரே ஒரு வார்டன் இருந்த இடத்தில் வீட்டுக்கு ஒரு வார்டன் முளைத்தார். குடியிருப்பின் வாட்ஸப் குழு பற்றி எரிந்தது. லிஃப்ட் கண்ணாடியில் பரு கிள்ளியவர், கொடியில் காய்ந்த துணியிலிருந்து கிளிப்பை மட்டும் உருவியவர், குப்பையைப் பக்கத்து வீட்டு வாளியில் போட்டவர் என்று சிவப்பு வட்டம் போட்ட படங்கள் பொழுது விடிந்தால் வந்து விழுந்தன. மறதிக்காரப் பெரியவர் அடுத்தவர் செய்தித்தாளை எடுத்துப்போனதும் வந்தது. அவர் மகன் வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டார். அதன் பிறகு பெரியவரைக் கீழே காணோம். வார்டனம்மா வீட்டுக்கு ஒருவரும் வரவில்லை. கூடையில் இருந்த எலுமிச்சம்பழங்கள் காய்ந்து சுண்டைக்காய் அளவுக்குச் சுருங்கின.

பிறகு தலைவரின் குட்டு உடைந்தது. ஒருநாள் சாயங்காலம் அவர் மனைவி, கணவர் வந்துவிட்டாரா என்று போனில் வண்டி நிறுத்துமிடத்தைப் பார்த்தார். கார் நின்றிருந்தது. காருக்குள் தலைவரும் இருந்தார். கூப்பிட்டால், "இன்னும் சிக்னல்லயே நிக்கிறேன்" என்கிறார். சொல்லிவிட்டுப் போனை வைத்தவர், செருப்பைக் கழற்றிக் காலைத் தூக்கி முன்னால் போட்டுக்கொண்டு, வறுத்த கடலையை ஒவ்வொன்றாக மேலே எறிந்து வாயால் கவ்வத் தொடங்கினார். ஒன்று தவறினால் தலையில் அடித்துக்கொள்வதும், இரண்டு சேர்ந்தாற்போல் விழுந்தால் தனக்குத்தானே கைதட்டுவதுமாக ஒரே கொண்டாட்டம். மனைவி கீழே இறங்கி வருவதற்குள் படம் குழுவுக்கு வந்துவிட்டது. அதன் கீழே ஒரு புண்ணியவான், 'மறைக்கிறதுக்கு என்ன இருக்கு?' என்று எழுதியிருந்தார். அன்றிலிருந்து தலைவர் முகத்தில் ஈயாடவில்லை.

வார்டனம்மாவுக்கு அது புதுச் செய்தி அல்ல. கேமரா போட்ட காலத்திலிருந்தே அந்தக் கடலை விளையாட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். "அந்த மனுஷனுக்கு அது வேண்டியிருக்கு" என்று திரையிடம் மட்டும் சொல்லியிருக்கிறார்.

தீர்மானக் கூட்டத்துக்கு முந்தின நாள் கதவு தட்டப்பட்டது. வார்டனம்மா ஓடாத குறையாகப் போய்த் திறந்தார். தலைவரின் மனைவி நின்றிருந்தார். கண் வீங்கியிருந்தது.

"அக்கா, எனக்குப் பெட்டியப் பாக்கணும். போன்ல ஒரு வாரத்துக்கு மேல இல்லையாம். உங்க பெட்டில பழசெல்லாம் இருக்காமே?"

"எதுக்கும்மா?"

"எவ்வளவு நாளா இப்படி உக்காந்திருக்கார்னு தெரியணும். நான் பாவம்னு நெனச்சு, டிராஃபிக்ல மாட்டிக்கிட்டு வர்றாரேன்னு சோத்தைத் திரும்பத் திரும்பச் சூடு பண்ணி வெச்சிட்டிருக்கேன். அங்க குழந்தையாட்டம் கடலைய எறிஞ்சு பிடிக்கிறார். வீட்ல ஒருநாள் அப்படிச் சிரிச்சிருப்பாரா?" பேசிக்கொண்டே இருவரும் பெட்டி முன்னால் வந்திருந்தார்கள். "நீங்க காட்டுங்க. நாளைக்கு நானே எழுந்திருச்சுச் சொல்றேன், கிளவுட் வேணாம், பெட்டிதான் வேணும்னு. பொம்பளைங்க எல்லாரும் என் பக்கம்தான் இருக்காங்க."

வார்டனம்மாவுக்கு ஒரு கணம் தலைகால் புரியவில்லை. கை தானாக மவுஸுக்குப் போனது. காட்டினால் பெட்டி பிழைத்தது. புது டிஸ்க் வரும், கதவு தட்டப்படும், செருப்புகள் வாசலில் கிடக்கும். திரையில் கட்டங்கள் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தன. இந்தப் பாழாய்ப்போன பெட்டி அன்றைக்கென்று இருமக்கூட இல்லை.

கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "ஒண்ணு கேக்குறேன். உன் போன்ல லிஃப்டைப் பாத்தியா?"

"லிஃப்ட்ல என்ன இருக்கு?"

"கார்லேருந்து இறங்கி லிஃப்ட்ல ஏறினதும் சட்டைல ஒட்டின கடலைத் தோலைத் தட்டி விட்டுக்குவார். அப்புறம் சீப்பை எடுத்து, கண்ணாடியப் பாத்துத் தலை வாரிக்குவார். அதுக்கு அப்புறம்தான் உங்க மாடிக்குப் பட்டனை அழுத்துவார். காலைல வேலைக்குப் போறப்போ வார மாட்டார், அடிச்சுப் பிடிச்சு ஓடுவார். வீட்டுக்கு வர்றப்போதான் வாருவார். ஒருநாள் விட்டதில்ல."

தலைவரின் மனைவி நிமிர்ந்து பார்த்தார். "இருக்கிற அந்த நாலு முடிக்கா?" என்றார்.

"அந்த நாலு முடிக்குத்தான்."

தலைவரின் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு அழுகையும் வந்தது. இரண்டையும் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "சரி, அதைக் காட்டுங்க. அப்படியே அதுக்கு முன்னாடி கார்ல எவ்வளவு நேரம் உக்காந்தார்னும் பாத்துடுவோம். எல்லா நாளும் பாக்கணும்."

வார்டனம்மா எழுந்தார். முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, சுவரோரம் இருந்த பிளக்கைப் பிடுங்கினார். கட்டங்கள் எல்லாம் ஒன்றாக அணைந்தன. பெட்டிக்குள் சுற்றிக்கொண்டிருந்த சத்தம் மெல்ல மெல்ல இறங்கி நின்றுபோனது.

"ஐயோ, என்னக்கா இது! அணைச்சா மறுபடி ஓடாதுன்னு சொன்னாங்களே?"

"நீ உக்காரு" என்றார் வார்டனம்மா. அலமாரியின் மேல்தட்டைத் துழாவி, ஓய்வு பெற்ற அன்று விடுதிப் பெண்கள் கொடுத்த, அட்டைப்பெட்டியை விட்டு இதுவரை வெளியே வராத மின்சார டீக் கெட்டிலை எடுத்தார். இரண்டு பேருக்குத் தண்ணீர் ஊற்றினார். பெட்டியின் பிளக் இருந்த இடத்தில் கெட்டிலின் பிளக்கைச் சொருகினார்.